ராத்திரி ரயிலில் போன் சத்தம்: கேளுங்கள், சொல்கிறேன்

இருபத்தாறு வருடம் டி.டி.ஆர் வேலை, பெரும்பாலும் எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ராத்திரி வண்டிகளில். போன் சத்தம் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

கேள்வி: பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரில் பாட்டுப் போடக்கூடாது என்பது சட்டமா, வெறும் நாகரிகமா?

இரண்டும்தான். இரவு 10 மணிக்கு மேல் சத்தமான பேச்சு, இயர்போன் இல்லாத பாட்டு இரண்டுக்கும் ரயில்வே தடை போட்டிருக்கிறது. மற்றவர்களுக்குத் தொல்லை தருபவரை வண்டியிலிருந்து இறக்கிவிட 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 145-வது பிரிவில் இடமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவை நான் எடுத்தது ரொம்பக் குறைவு. ஒருமுறை விழுப்புரம் தாண்டியதும் சைடு லோயரில் ஒருவர் காதில் இயர்போனோடு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார், சத்தமோ பெட்டி முழுக்க. எதிர் பெர்த்தில் ஒரு அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார், யாரும் வாய் திறக்கவில்லை. தோளைத் தொட்டுச் சொன்னேன். இயர்போனில் சார்ஜ் தீர்ந்து சத்தம் வெளியே வருவது அவருக்குத் தெரியவே இல்லை, பதறிப்போய் எழுந்து அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அதனால் முதலில் நீங்களே மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சொன்னால் சண்டைக்கு வருகிறார்களே?

ரயில்வே உதவி எண் 139-க்குக் கூப்பிட்டு வண்டி எண், பெட்டி, பெர்த் எண் சொல்லுங்கள். அவரை வீடியோ எடுத்து நெட்டில் போடாதீர்கள், அப்புறம் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

கேள்வி: ஜன்னல் வழியாகப் போன் விழுந்துவிட்டால் செயினை இழுக்கலாமா?

கூடாது. தேவையில்லாமல் இழுத்தால் அதே ரயில்வே சட்டத்தின் 141-வது பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் இருக்கிறது. தண்டவாளத்தோரக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு 139-ல் சொல்லுங்கள்.

கேள்வி: பாப்பா பதினோரு மணிக்கு அழுதால் பாட்டு வீடியோ போடாமல் என்ன செய்வது?

இதைக் கேட்டதும் நாலைந்து பேர் சண்டையில் இறங்கிவிட்டீர்கள். "அழுகையைவிடப் பாட்டு மேல்" என்கிறார் ஒருவர், "காசு கொடுத்த எங்களுக்குத் தூக்கம் வேண்டாமா" என்கிறார் இன்னொருவர். குழந்தை அழுவதைப் பெட்டியில் எல்லோரும் பொறுத்துத்தான் ஆகவேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாட்டை முழுச் சத்தத்தில் வைப்பது நீங்கள் எடுக்கும் முடிவு, அதற்குப் பொறுப்பும் நீங்கள்தான். போர்வைக்குள் உங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கிற அளவுக்கு வையுங்கள். அதற்கு முன் பக்கத்து பெர்த்காரரிடம் "பாப்பா கண்ணசந்ததும் நிறுத்திடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்படிச் சொன்ன அம்மாக்கள் மேல் என்னிடம் யாரும் புகார் கொண்டுவந்ததில்லை. லோயர் பெர்த்தை விட்டுக்கொடுத்து மேலே ஏறிப் படுத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

"இதயமே இல்லாத பதில்" என்று எழுதிய தம்பி, அந்த பெர்த்துக்கு மேலே படுத்திருப்பவர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவராகவும் இருக்கலாம், அவரையும் யோசியுங்கள்.

கேள்வி: அப்போ பத்து மணிக்கு முன்னால் போடலாமா?

இதையே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பகலிலும் உங்கள் பாட்டு உங்கள் காதுக்கு மட்டும்தான்.

கேள்வி: பஸ்ஸில் என்ன விதி?

அது எனக்குத் தொடர்பில்லாத துறை, கண்டக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கர் போட்டால்தான் பேச முடிகிறது.

பெரியவர் பேசட்டும், அதில் தப்பே இல்லை. ஒன்பதரைக்குள் வீட்டுக்குப் பேச வைத்துவிடுங்கள். ராத்திரி அவசரமாக அழைப்பு வந்தால் நீங்கள் எடுத்துப் பேசி அவருக்கு எழுதிக் காட்டுங்கள். இன்னொன்று, அவர் ஸ்பீக்கரில் பேசும்போது பேங்க் கணக்கு எண், ஓடிபி எதுவும் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டியே கேட்டுக்கொண்டிருக்கும். சிக்னல் கிடைக்கவில்லை என்று கதவருகே மட்டும் அவரைப் போக விடாதீர்கள்.