வாய்க்கால் தண்ணீர் வந்ததும் மீன் இரையை நிறுத்திவிட்டது!

கேள்வி: பாபநாசம் பக்கம் 60 சென்ட் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். கோடை முழுக்க போர் தண்ணீரில் ஓட்டினேன். காவிரியின் கிளையான குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்து எங்கள் வாய்க்காலுக்கு எட்டியதும், ஒரே இரவில் இரண்டடி ஏற்றிவிட்டேன். மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்து நாளாக மிதவைத் தீவனம் அப்படியே மிதக்கிறது. ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களுக்கோ கெண்டையும் கெளுத்தியும் தாராளமாக மாட்டுகின்றன. தீவனக் கடைக்காரர் பசியூட்டும் டானிக்கும் புரோபயாடிக் பொடியும் கொடுத்தார், 4,200 ரூபாய் ஆனது. பலன் இல்லை. வேறு கம்பெனித் தீவனம் எதை வாங்கலாம்? முறை வைத்து வாய்க்கால் அடைத்ததும் பள்ளங்களில் தேங்கும் மீனைப் பிடித்துக் குட்டையில் விடலாமா?

பதில்: கம்பெனியை மாற்ற வேண்டாம். தீவனத்தையே நிறுத்துங்கள். மீன் தொடாத தீவனம் அடியில் இறங்கி அழுகும், அழுகும்போது தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் அதுவே எடுத்துக்கொள்ளும். மூச்சுக்குத் திணறுகிற மீன் எந்தக் கம்பெனித் தீவனத்தையும் தொடாது. விடியற்காலை 3 மணி முதல் 6 வரை குட்டைத் தண்ணீரையே மோட்டாரில் எடுத்து உயரத்திலிருந்து பீய்ச்சி விடுங்கள். விவசாயச் சுண்ணாம்பு பத்து கிலோவைக் கரைத்துத் தெளியுங்கள். அப்புறம் காத்திருங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. ஒரே தண்ணீர்தானே, ஆற்று மீனுக்கு அது விருந்தாகவும் உங்கள் மீனுக்குப் பட்டினியாகவும் ஆனது எப்படி?

காய்ந்து கிடந்த ஆற்றில் முதல் தண்ணீர் ஓடும்போது மண்புழு, எறும்பு, பூச்சி, புல்விதை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருகிறது. கலங்கலில் கண் தெரியாவிட்டாலும் கெளுத்தி மீசையால் தடவியே இரை தேடிக்கொள்ளும். ஓரிடம் மூச்சு முட்டினால் இன்னொரு இடத்துக்கு நகர்ந்துவிடும். உங்கள் கட்லா எங்கே போகும்? கோடை முழுக்க நீங்கள் சேர்த்த, நுண்பாசியால் பச்சையான தண்ணீர்தான் அதற்குச் சோறு. அதில் இரண்டடிக் கலங்கலைக் கொட்டி நீர்க்கச் செய்துவிட்டீர்கள். வெளிச்சம் உள்ளே இறங்காததால் நுண்பாசி வளரவில்லை. பகலில் பிராணவாயு தருவதும் அந்தப் பாசிதான். ஆக, சோறும் மூச்சும் சேர்ந்தே போயின. வாய்க்காலில் மாதக்கணக்கில் கிடந்த சருகும் சாணமும் சாக்கடையும் அதே தண்ணீரோடு உள்ளே வந்து அழுகுகின்றன.

ஆற்று மீனைப் பார்த்தும் ரொம்பப் பொறாமைப்படாதீர்கள். அதன் இரையும் இப்போது ஷட்டர் கையில்தான் இருக்கிறது. மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். 2022-இல் மே 24-இலேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. 2023-இல் திறந்தது என்னவோ ஜூன் 12-இல்தான், ஆனால் அக்டோபரிலேயே அடைத்துவிட்டார்கள். கல்லில் பாசி படியவும், சேற்றில் புழு பெருகவும் சில வாரம் நிலையாகத் தண்ணீர் ஓட வேண்டும். முறை வைத்துத் திறந்து மூடினால் பாதியிலேயே காய்ந்துவிடும். மின்சாரத்துக்காக விட்டுப் பிடிக்கிற கதவணைகளுக்குக் கீழே ஒரே நாளில் மட்டம் ஏறி இறங்கும், ஓரத்தில் ஒட்டிய பூச்சிப்புழுவுக்கு அது போதும் சாவதற்கு. அந்தக் காலத்து வெள்ளம் படுகைக்கு மேல் பரவி நின்றபோது மீன் அங்கே ஏறி மேய்ந்தது. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீனின் கதையும் 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு முடிந்தது. நெல்லுக்குக் கணக்குப் போட்டுத் திறக்கிறார்கள், மீனுக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஷட்டரை நீங்களும் நானும் மாற்ற முடியாது. உங்கள் மடையை மாற்றலாம். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்துவிட்டேன்: வாய்க்காலுக்கும் குட்டைக்கும் நடுவில், வண்டல் படிய விடும் படிகுழி இல்லாமல் மீன் வளர்க்காதீர்கள். மூன்று சென்ட் இடம், ஐந்தடி ஆழம் போதும். இடம் வீண் என்பார்கள், அந்த 4,200 ரூபாய் எங்கே போனதாம்? முதல் ஒரு வாரத் தண்ணீரைக் குட்டைக்கே காட்ட வேண்டாம், வயலுக்குப் போகட்டும். அதன் பிறகு படிகுழியில் வண்டல் இறங்கவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும், செய்தியைக் கேட்ட அன்றே தீவனத்தைப் பாதியாக்கி விடலாம். தீவன மூட்டையில் அச்சடித்த அட்டவணைக்கு உங்கள் வாய்க்கால் எப்போது வரும் என்று தெரியாது. வாய்க்கால் வந்த தேதி, நின்ற தேதி, மீன் இரை எடுத்த அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு வருடத்து நோட்டு கையில் இருந்தால் கடைக்காரர் உங்களிடம் யோசனை கேட்பார்.

டானிக் என்று கொடுத்தாரே, அது மருந்தே இல்லை. பசியில்லாத மீனுக்குப் பசியூட்ட மருந்து கிடையாது, தண்ணீரைத்தான் சரி செய்ய வேண்டும். பிராணவாயு மாத்திரை மீன் செத்து மிதக்கிற நிலையில் ஒரு ராத்திரியைக் கடத்த உதவும். அதை வாராவாரம் வாங்கச் சொல்கிறவர் தன் கடையை வளர்க்கிறார்.

எப்போது மறுபடி தீவனம் போடுவது? வெயில் நேரத்தில் முழங்கை வரை கையை நீருக்குள் விடுங்கள். உள்ளங்கை பச்சையில் மங்கி மறைந்தால் போடலாம், செம்மண் நிறத்தில் மறைந்தால் இன்னும் பொறுங்கள். போடும்போதும் மிதவைத் தீவனம் வேண்டாம். கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் சம அளவில் ஊறவைத்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டிக் கழியில் தொங்கவிடுங்கள். சாக்கு மாலையில் காலியாகியிருந்தால் மறுநாள் கூட்டுங்கள், மிச்சமிருந்தால் குறையுங்கள்.

பள்ளத்தில் தேங்கிய மீனா? குழம்பு வையுங்கள், குட்டையில் விடாதீர்கள். பத்து கெண்டையோடு நாலு ஜிலேபியும் ஒரு விராலும் வரும், மீன் பேனும் ஒட்டிக்கொண்டு வரும். ஜிலேபி குஞ்சு பொரிக்க ஆரம்பித்தால் நீங்கள் தொங்கவிட்ட சாக்கு முழுக்க அதற்குத்தான். மடை வாயில் நெருக்கமான வலை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள், வாரம் ஒரு முறை பிரித்து அலசுங்கள்.