இல்லற வன்முறை ஆய்வுகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறேன். கணவன் மனைவிக்கு இடையிலான வன்முறை பற்றிய கள ஆய்வுகளுக்காகப் பல வருடங்கள் வீடு வீடாகப் போயிருக்கிறேன். இதுபற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

யாராவது இப்போதே ஆபத்தில் இருந்தால் முதலில் உதவியைக் கூப்பிடுங்கள். 181 பெண்களுக்கான இலவச எண், 24 மணி நேரமும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

கேள்வி (எம்.எஸ்.டபிள்யூ மாணவி, குரோம்பேட்டை): மேடம், தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 38 சதவீதம் என்று இருக்கிறது. சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வில் 99 சதவீதம் என்று பார்த்தேன். ப்ராஜெக்ட்டில் எதைப் போடுவது?

பதில்: இரண்டையும் போடலாம், ஆனால் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். 2019-21ல் எடுத்த ஐந்தாவது கணக்கெடுப்பு, 18 முதல் 49 வயது வரை திருமணமான பெண்களிடம் கேட்டது. கணவனிடம் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ எப்போதாவது வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம், இந்தியா முழுக்க 29.3. நீங்கள் பார்த்த மற்றொன்று டாக்டர் சுனிதி சாலமனும் அவர் குழுவினரும் 2009ல் வெளியிட்டது. சென்னையில் வருமானம் குறைந்த 40 குடியிருப்புகளில் 1,974 மனைவிகளிடம் கேட்டார்கள். அங்கே உடல்ரீதியான வன்முறை 99 சதவீதம், கட்டாய உடலுறவு 75 சதவீதம். முதலாவது மாநிலம் முழுமைக்குமானது, இரண்டாவது நகரத்தின் ஏழ்மையான பகுதிகளுக்கானது. அதனால் 'சென்னையில் 99 சதவீதம்' என்று எழுதினால் தப்பு.

வித்தியாசத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. யார் கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்கிறார்கள், எந்தக் கேள்விகளுக்கு நடுவில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று நீண்டுகொண்டே போகும் கணக்கெடுப்பில் கடைசிப் பக்கம் இது வரும்போது, அந்த அம்மாவுக்கு அடுப்பில் வைத்த சோறுதான் ஞாபகத்தில் இருக்கும். இந்தத் துறையில் கேள்விதான் பாதி ஆய்வு. 'உங்கள் வீட்டில் வன்முறை உண்டா?' என்று கேட்டால், 'சேச்சே, அதெல்லாம் இல்லம்மா' என்பார்கள். 'உங்களை அறைந்திருக்கிறாரா? தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறாரா? எதையாவது தூக்கி எறிந்திருக்கிறாரா?' என்று ஒவ்வொரு செயலாகக் கேட்டால் அதே அம்மா தலையாட்டுவார். அமெரிக்கச் சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் 1979ல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வந்த முறை இது. உலக சுகாதார நிறுவனத்துக்காக கிளாடியா கார்சியா மொரேனோவின் குழு 10 நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் இப்படித்தான் கேட்டது. 2005ல் வந்த அந்த முடிவில், ஜப்பானில் 15 சதவீதம், எத்தியோப்பியாவில் 71 சதவீதம்.

கேள்வி (அம்பத்தூர்): மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாரே, எப்படிக் கேட்பீர்கள்?

பதில்: கேட்கவே மாட்டோம். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே 2001ல் நெறிமுறைகளை வெளியிட்டது. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், தனியாகத்தான் கேட்க வேண்டும், ஆய்வின் பெயரை வெளியே சொல்லும்போது 'பெண்கள் நலம்' என்கிற மாதிரி பொதுவாகச் சொல்ல வேண்டும். கண்ணகி நகரில் ஒரு வீட்டில், தையல் மெஷினை நிறுத்தாமலேயே ஒரு பெண் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்பது அவர் கணக்கு. நடுவில் மாமியார் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார். என்னோடு வந்த பெண் கண் இமைக்காமல், 'மெட்ரோ வாட்டர் லாரி வாரத்துக்கு எத்தனை நாள் வருதும்மா?' என்றாள். இந்த மாதிரிக் கேள்விகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருப்போம். மாமியார் லாரிக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டு வெளியே போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். தனிமை கிடைக்கவில்லை என்றால் அந்தப் படிவம் பாதியிலேயே நிற்கும். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. நாங்கள் கிளம்பிப் போன பிறகும் அவர் அந்த வீட்டில்தான் இருக்கப் போகிறார்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): எல்லாத்துக்கும் குடிதானே காரணம்? டாஸ்மாக்கை மூடினால் சரியாகிவிடாதா?

பதில்: குடி பெரிய காரணிதான், மறுக்கவே முடியாது. ஐந்தாவது கணக்கெடுப்பின்படி, அடிக்கடி போதையேறும் கணவர்களின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவர்களின் மனைவிகளில் அது 23 சதவீதம். அந்த 23 சதவீதத்தையும் பார்க்கச் சொல்கிறேன். ஒரு சொட்டு கூடத் தொடாதவர்களின் வீடுகள் அவை. அப்புறம், எவ்வளவு போதையிலும் மேஸ்திரியையோ போலீஸ்காரரையோ அடிக்காதவர் வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறார். இங்கே அடித்தால் கேட்க ஆள் இல்லை என்பது போதையிலும் அவருக்குத் தெரிகிறது. குடியைக் குறைத்தால் அடி குறையும், காயம் குறையும். அடிக்கலாம் என்ற எண்ணம் அதனால் போய்விடாது. 'மனைவியை அடிப்பதில் தப்பில்லை' என்று ஒரு காரணத்துக்காவது ஒப்புக்கொண்டவர்கள் நாட்டில் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44 சதவீதம்.

கேள்வி (பெயர் வேண்டாம், ஓ.எம்.ஆர்.): அக்கா, என் கணவர் ஒரு தடவை கூடக் கை நீட்டியதில்லை. ஆனால் என் சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு அவரிடம். ஆபீஸிலிருந்து கிளம்பும்போது லொகேஷன் அனுப்ப வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால் இரண்டு நாள் பேசமாட்டார். அம்மாவோடு ஸ்பீக்கரில்தான் பேச முடியும். இதையெல்லாம் வன்முறை என்று சொல்வது அதிகப்படியா?

பதில்: இல்லைம்மா, அதிகப்படி இல்லை. நீங்கள் வரிசையாக எழுதியிருப்பதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் கட்டாயக் கட்டுப்பாடு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஈவான் ஸ்டார்க் 2007ல் இதை விரிவாக எழுதினார். பணம், நேரம், நடமாட்டம், உறவுகள் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு ஒருத்தியின் சுதந்திரத்தையே சுருக்கிவிடுவதுதான் மையமான தீங்கு, அடி அதற்கான ஒரு கருவி மட்டுமே என்பது அவர் வாதம். இன்னொரு சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995லேயே, சண்டை முற்றிக் கை கலப்பாவதையும், ஒருவர் மற்றவரை முழுசாக அடக்கி வைப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்றார். இரண்டாவது வகையில் கை நீட்ட வேண்டிய அவசியமே சில வீடுகளில் வருவதில்லை. பயமே போதும்.

நம் சட்டமும் உங்கள் பக்கம்தான். 2005ல் இயற்றி 2006 அக்டோபர் 26ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், மனரீதியான கொடுமையையும் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. மனைவியின் சம்பளத்தைப் பறித்து வைத்துக்கொள்வதும் அதில் வரும்.

ஒன்று மட்டும் இன்றைக்கே யோசியுங்கள். உங்கள் போனை அவர் பார்ப்பார் என்றால், உதவி தேடுவதை ஆபீஸ் கணினியிலோ நம்பிக்கையான தோழியின் போனிலோ செய்யுங்கள்.

கேள்வி (செவிலியர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்): தலைவலி, அடிவயிற்று வலி, தூக்கம் இல்லை என்று சில பெண்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பரிசோதனையில் ஒன்றும் இருக்காது. சந்தேகம் வருகிறது, ஆனால் எப்படிக் கேட்பது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதலாம். அடி ஆறிய பிறகும் உடம்பில் என்ன நடக்கிறது என்பதில்தான் கடந்த இருபது முப்பது வருட ஆய்வுகள் நிறையக் கண்டுபிடித்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கைப்படி, இந்த வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் அதிகம். நம் நாட்டில் சென்னை, வேலூர் உட்பட ஏழு இடங்களில் 9,938 பெண்களிடம் எடுத்து 2005ல் வெளியான ஆய்வும், வன்முறைக்கும் மோசமான மனநலத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டியது. ஆக்கர்சன், சுப்ரமணியன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008ல் காட்டியது எனக்கு இன்னும் முக்கியம்: வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களிடம் ரத்தசோகையும் எடைக்குறைவும் அதிகம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாதவர் வீட்டில், சாப்பாடு யார் கையில் இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். மறதி, தலைசுற்றல் என்று வந்தால் தலையில் அடிபட்டதுண்டா என்றும் கேளுங்கள். மீண்டும் மீண்டும் தலையில் விழும் அடி மூளையைப் பாதிக்கும்.

எப்படிக் கேட்பது? கூட வந்தவரை ஓ.பி. சீட்டு வாங்கவோ மருந்து வாங்கவோ அனுப்பிவிடுங்கள். பிறகு சாதாரணமாக, 'இந்த மாதிரி வலியோட வர்றவங்க சில பேருக்கு வீட்ல பிரச்சினை இருக்கும். உங்களை வீட்ல யாராவது அடிக்கிறாங்களா, பயமுறுத்துறாங்களா?' என்று கேளுங்கள். 'இல்லை' என்றால் விட்டுவிடுங்கள். கேட்ட ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்பது மனதில் நிற்கும், நாலாவது தடவை வந்து சொல்லலாம். சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், நம்புங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள், இன்றிரவு வீட்டுக்குப் போனால் ஆபத்தா என்று கேளுங்கள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடுங்கள். மருத்துவப் பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதல்நிலை உதவி இவ்வளவுதான். 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கழுத்தை நெரித்தாரா என்று தனியாகக் கேளுங்கள். குரல் கம்மியிருக்கிறது, விழுங்க வலிக்கிறது, கண்ணில் ரத்தப் புள்ளிகள் என்றால் கட்டாயம். வெளியே தடமே தெரியாமல் இருக்கலாம். நான்சி கிளாஸ் குழுவின் 2008 ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். கழுத்து நெரிக்கப்பட்டவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): மேடம், தங்கச்சியை நாலு தடவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். நாலு தடவையும் திரும்பப் போயிட்டா. இனிமே நீயாச்சு உன் புருஷனாச்சுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அவ ஏன் இப்படிப் பண்றா?

பதில்: தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அவர் நாலு தடவை வெளியே வந்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். கணக்கெடுப்பின்படி வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உங்கள் தங்கை சொல்லியிருக்கிறார்.

திரும்பிப் போவதற்குக் குழந்தை, பணம், ஊர் பேச்சு எல்லாம் காரணம்தான். அதோடு, 'போனா கொன்னுடுவேன்' என்று அவன் சொல்வதை அவர் நம்பலாம். நம்புவதில் நியாயமும் உண்டு. ஜாக்குலின் கேம்பல் குழு 11 அமெரிக்க நகரங்களில் செய்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிப்படைக்கும் கணவனைப் பிரிந்த பெண்களுக்குக் கொலை ஆபத்து பல மடங்கு கூடியிருந்தது. அதனால் 'உடனே கிளம்பி வா' என்பதைவிட 'எப்போது, எப்படிக் கிளம்பினால் பத்திரம்' என்று அவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். பெரியவர்களை வைத்து அவன் முன்னாலேயே பஞ்சாயத்து பேசாதீர்கள். அங்கே அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ராத்திரி தண்டனை இருக்கும். அம்மாவிடம் சொல்லுங்கள், ஐந்தாவது தடவையும் கதவு திறந்திருக்க வேண்டும்.

கேள்வி (பல பேர்): வேலைக்குப் போனால் அடி குறையுமா?

பதில்: எப்போதும் இல்லை. பெங்களூருவில் செய்து 2010ல் வெளியான ஆய்வில், வேலையில்லாமல் இருந்து புதிதாக வேலைக்குப் போன பெண்களுக்கு வன்முறை கூடியிருந்தது. மனைவி சம்பாதிப்பது தங்கள் இடத்தைப் பறிப்பதாகச் சில ஆண்களுக்குத் தோன்றுகிறது. அதற்காக வேலைக்குப் போக வேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

சொத்து விஷயத்தில் முடிவு வேறு. பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் கேரளத்தில் செய்து 2005ல் வெளியிட்ட ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் அடிவாங்கியிருந்தார்கள். இரண்டும் பெயரில் இருந்தவர்களில் 7 சதவீதம்தான். போக ஓர் இடம் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் 1989லிருந்தே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு. 'அதான் சீர் செஞ்சாச்சே' என்று பெண்ணிடம் கையெழுத்து வாங்கும் அப்பா அண்ணன்மார் இந்த எண்களை ஒரு முறை பார்க்க வேண்டும்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): ஆண்களும் அடி வாங்குகிறார்களே, ஏன் ஆய்வு இல்லை?

பதில்: வாங்குகிறார்கள், ஆய்வும் இருக்கிறது. மேலே சொன்ன ஸ்ட்ராஸ் அளவுகோலில் அமெரிக்காவில் இரு பாலருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்தது. யார் காயப்பட்டார், யார் பயந்து வாழ்கிறார் என்று சேர்த்துக் கேட்டால் படம் மாறுகிறது. உலகில் கொல்லப்படும் பெண்களில் 38 சதவீதம் பேர் துணைவர்களால் கொல்லப்படுகிறார்கள் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கை. ஆண்களில் இந்தப் பங்கு மிகச் சிறியது. ஆனால் அடி வாங்கும் ஓர் ஆண் வெட்கத்தை விட்டுச் சொல்ல வரும்போது சிரிப்பவர்கள் இருக்கக் கூடாது. நீங்கள் அப்படி ஒருவர் என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): அப்பா அடிப்பதைப் பார்த்து வளர்ந்த என் பையனும் அப்படித்தான் ஆவானா?

பதில்: ஆபத்து கூடும், விதி இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2000ல் சாண்ட்ரா ஸ்டித் என்ற ஆய்வாளரின் குழு பார்த்தபோது தொடர்பு இருந்தது, ஆனால் பலவீனமானதாகவோ நடுத்தரமானதாகவோதான் இருந்தது. நடந்ததை அவனிடம் மறைக்காமல், 'அது தப்பு, உன்னால நடந்தது இல்லை' என்று சொல்லுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): போலீஸ் கேஸ் வேண்டாம், அடி மட்டும் நின்றால் போதும். வழி உண்டா?

பதில்: உண்டு. 2005 சட்டம் அடிப்படையில் உரிமையியல் சட்டம். எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அதே வீட்டில் இருக்கும் உரிமையையும் ஜீவனாம்சத்தையும் கேட்கலாம். சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அவரே மனு தயார் செய்ய உதவுவார். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், ஆனால் இடைக்கால உத்தரவு முன்பே வாங்கலாம். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 181க்குப் பேசுங்கள், பாதுகாப்பு அலுவலரின் விவரத்தைக் கேளுங்கள். பேசி முடித்ததும் அந்த எண்ணைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.