ஈட்டி மர ஆணி உடைவதும் தளர்வதும்

ஏற்காட்டில் செய்யும் தேக்குப் பெட்டிக்கு ஈட்டி மரத்தில் செய்த 4 மி.மீ. ஆணி அடித்தால் பாதி உடைகிறது, மீதி சேலம் வந்ததும் தளர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

உடைவது ஆணிக்கான குச்சியை ரம்பத்தால் அறுப்பதால்தான். ரம்பம் நார் ஓட்டத்தைப் பார்க்காது, குறுக்கே வெட்டிவிடும். உளியை வைத்துத் தட்டிப் பிளந்து பாருங்கள். நார் போன வழியே குச்சி பிரியும், வளைத்தாலும் சட்டென்று ஒடியாது. நேராகப் பிளக்காத துண்டைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், 6 மி.மீ. தடிமனுள்ள இரும்புப் பட்டையில் 6, 5, 4 மி.மீ. துளைகள் போட்டு வாங்குங்கள். எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். குச்சியின் முனையைச் சீவி, பெரிய துளையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டி இறக்கினால் உருண்டையாக வந்துவிடும்.

தளர்வதற்குக் காரணம் ஈரம். மலைப் பனியில் ஊதியிருந்த மரம் கீழே வெயிலில் சுருங்குகிறது. பிளந்த குச்சிகளை முதலில் சேலம் மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, பிறகு பட்டையின் துளைகளில் இறக்கி, மூடிய டப்பாவில் வையுங்கள். காய்ந்த ஆணி, அடிக்கும்போது தடவும் பசையின் ஈரத்தைக் குடித்து ஊதி இறுகும். பெட்டிப் பலகையும் காய்ந்திருக்க வேண்டும், சரியா?

ஆணியின் மேலேயே நீளவாக்கில் மெல்லிய கோடு ஒன்று கீறுங்கள். மிஞ்சிய பசை வெளியேற வழியில்லாவிட்டால் மூலை பிளந்துவிடும். அழகான பெட்டி ஒன்றை அப்படித்தான் இழந்தேன்.