அந்த 4,600 ரூபாய் கவர்

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்கள் ஊர். ஓசூரில் கார் உதிரிபாகம் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை. தங்கைக்குத் தையில் கல்யாணம். மாந்தோப்பில் ஒரு பகுதியை விற்ற 8 லட்சத்தை டெபாசிட்டில் போடச் சொல்லி ஜனவரியில் அப்பா கொடுத்தார். நான் ஷேரில் போட்டேன். பெரும்பாலும் ஜவுளி, இறால் ஏற்றுமதி கம்பெனிகள். அமெரிக்காவுக்குப் போகும் இந்தியப் பொருட்களுக்கு டிரம்ப் 50 சதவீத வரி போட்டதில் 6,10,000 ஆகிவிட்டது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து அவர் என்ன சொன்னார் என்று போனைப் பார்க்கிறேன். அப்பாவிடம் மட்டும் வட்டி என்று 7 மாதமாக 4,600 ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அம்மா அதைச் சாமி படத்தின் முன் வைத்து எடுப்பார். விற்பதா, காத்திருப்பதா?
— பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம், 2025

பதில்: தம்பி, டிரம்ப் கதையை விடுங்கள். எனக்கு அந்தக் கவர்தான் உறுத்துகிறது.

8 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் மாதம் 4,666 வருகிறது. நம்பும்படி இருக்க வேண்டுமே என்று வங்கி வட்டியை விசாரித்து, சில்லறையைக் கழித்திருக்கிறீர்கள். இதுவரை 32,200 ரூபாய். ஷேரில் போட்டது ஆசை, அதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மாதாமாதம் உட்கார்ந்து கவர் ஒட்டுவதற்கு வேறு மனசு வேண்டும். அந்தப் பொய்யை உங்கள் அம்மா சாமிக்கு முன்னால் வைக்கிறார்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 2-ம் தேதி டிரம்ப் வரிப் பட்டியலை நீட்டினார். 7-ம் தேதி மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,200 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. 9-ம் தேதி அவரே 90 நாள் தள்ளிவைத்தார். 15-ம் தேதிக்குள் சந்தை பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. பயந்து விற்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் நீங்களும் காத்திருக்கிறீர்கள் போல. அன்று விழுந்தது பயத்தால். இப்போது ஆர்டரே போகிறது. ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27-ல் இன்னொரு 25. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது போட்டது 20தான். அமெரிக்கக் கடைக்காரர் பனியனை எங்கே வாங்குவார்? ஒருநாள் காலையில் டிரம்ப் மனம் மாறலாம். அதற்காகத் தை மாதம் தள்ளிப்போகாது.

பத்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணம் என்றால் வைத்திருங்கள் என்பேன். இது தேதி குறித்த பணம். விற்றுவிடுங்கள். நஷ்டத்தைக் கெடு தேதிக்குள் வருமான வரிக் கணக்கில் காட்டினால், அடுத்த 8 வருஷ ஷேர் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். உதிரிபாகத்துக்கும் மே மாதத்தில் 25 சதவீத வரி போட்டார்கள், மறந்துவிட்டீர்களா? உங்கள் சம்பளமும் அதே கயிற்றில் தொங்குகிறது. அந்தச் சம்பளத்தில்தான் கவர் வருகிறது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதானே பயம்? இந்த வருஷம் மாங்கூழ் ஆலைகளில் பழைய சரக்கு தேங்கி, பெங்களூரா மாங்காய் பறிகூலிக்கே கட்டவில்லை. விலை விழுவது என்றால் என்னவென்று அவருக்கு நீங்களா பாடம் எடுக்கப் போகிறீர்கள்? சந்தை விழுந்ததை அவர் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார். கவரை அவருக்குப் புரியவைக்க முடியாது. திட்டுவார், பேசாமல்கூட இருப்பார். இருக்கட்டும்.

தங்கையையும் உட்கார வையுங்கள். அவளுக்கென்று தோப்பை விற்ற பணம் அது. உங்கள் கடிதத்தில் அவள் ஒரு கல்யாணச் செலவாக மட்டும்தான் வருகிறாள். குறைகிற 1,90,000-ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும். அண்ணன் ஆடிய ஆட்டத்துக்கு அவள் கழுத்தில் ஒரு பவுன்கூடக் குறையக் கூடாது. அதற்காகப் போன் ஆப்பில் கடன் வாங்கினீர்கள் என்றால் எனக்கு மறுபடி எழுத வேண்டாம். மண்டபத்தைச் சின்னதாக்கலாமா என்று அவளிடம் கேளுங்கள், வரட்டு கௌரவம் பார்க்காமல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு அப்பா திரும்பியதும் அந்தக் கவரையே நீட்டுங்கள். இந்த முறை உள்ளே ஷேர் கணக்கு ஸ்டேட்மென்ட் இருக்கட்டும். அம்மா அதைச் சாமி படத்துக்குக் கொண்டுபோவதற்குள் பிரிக்கச் சொல்லுங்கள்.