மச்சானுக்காக மூன்றாவது கடன் வாங்கலாமா?

விருதுநகரிலிருந்து ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார். மனைவியின் தம்பிக்கு வயிற்றில் புற்றுநோய். ஒரு தனியார் மையம் ‘இம்யூன் செல் தெரபி’ ஆறு டோஸ், டோஸுக்கு 2 லட்சம் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறது. மாமியார் அழுகிறார். 12 லட்சத்துக்குப் பர்சனல் லோன் தயார், வரும் சனிக்கிழமை கையெழுத்து. “போடலாமா?” என்று கேட்கிறார்.

சார், போடாதீர்கள்.

மச்சானின் கடைக்காக மனைவியின் நகையை 6 லட்சத்துக்கு அடகு வைத்தீர்கள். வருடா வருடம் 54,000 ரூபாய் வட்டி கட்டி மாற்றி வைக்கிறீர்கள். இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அந்த வீட்டில் யாராவது அழுதால் முதலில் “நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அப்புறம் கடன் தேடுகிறீர்கள். சிக்கலே அதுதான்.

சம்பளம் 68,000. வீட்டுக் கடன் 19,000, நகை வட்டி மாதம் 4,500. புதுக் கடன் 15% வட்டியில் ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 28,500. எல்லாம் போக மிச்சம் 16,000. அதில் இரண்டு பிள்ளைகளோடு குடும்பம் ஓட வேண்டும். 12 லட்சத்துக்கு நீங்கள் கட்டப்போவது 17 லட்சம்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் விலைப்பட்டியல் படிக்கத் தெரியும். நீங்கள் அனுப்பிய தாளில் நோயின் பெயரே இல்லை. கடைசி வரியில், பொடி எழுத்தில், முன்பணம் திரும்பத் தரப்படாது என்று இருக்கிறது.

செல் சிகிச்சையே பொய் என்று சொல்லவில்லை. மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் டி செல்களை எடுத்து, மரபணு மாற்றி, வளர்த்து, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். செலவு 30, 40 லட்சம். ஆனால் அது மற்ற சிகிச்சைக்கு அடங்காத சில வகை ரத்தப் புற்றுநோய்க்கும் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கும்தான். வயிற்றுப் புற்றுநோய்க்கு அந்த முறை இந்தியாவில் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது முறையல்ல. சீனாவில் ஒரு கல்லூரி மாணவர் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்த மருத்துவமனையில் இதே மாதிரி ஒரு செல் சிகிச்சைக்குக் குடும்பம் 2 லட்சம் யுவானுக்கு மேல் கொட்டியது. 2016-ல் அவர் இறந்தபோது நாடே கொதித்தது.

பெயர் குழப்பம் வேறு. புற்றுநோய் டாக்டர்கள் பொதுவாக ‘இம்யூனோதெரபி’ என்று சொல்வது செல்களை அல்ல, ஊசி மருந்தை. மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வேண்டிய நவீன சிகிச்சைகள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வெளியிட்ட பட்டியலில் அது உண்டு, பாலிசியின் உச்சவரம்பை மட்டும் பாருங்கள். இந்த ஆறு டோஸ் அதில் வராது.

மச்சானின் பயாப்சி ரிப்போர்ட்டோடு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ இன்னொரு கருத்து கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் தகுதி இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும், அட்டை இருக்கிறதா என்று மாமியாரிடம் கேளுங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

வெறுங்கையோடும் நிற்க வேண்டாம். ஆர்டி-யில் 80,000 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உடைத்து, பயணத்துக்கும் தங்கும் செலவுக்கும் கொடுங்கள். திரும்ப வரும் என்று எழுதி வைக்காதீர்கள். சனிக்கிழமை பேங்குக்குப் போவதற்குப் பதில் மச்சானோடு சென்னைக்கு ரயில் ஏறுங்கள்.