வணக்கம் சொல்லாத மருமகள்

கேள்வி: என் மருமகள் போன வருடம் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தாள். அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதில்லை. அது சாமி கும்பிடுகிற சொல்லாம். “அதில் மதம் எங்கே இருக்கிறது? வெறும் ஹலோதானே” என்று மகன் சண்டை போடுகிறான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதை நான் முழுக்க ஏற்க மாட்டேன். வணக்கத்தில் பக்தி வற்றிவிடவில்லை. கத்தோலிக்கர்கள் மே மாதத்தை இன்றும் மாதாவின் வணக்க மாதம் என்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் எந்தக் காலத்திலும் சாமிக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. வளைவதுதான் வணங்குவது. ‘தாளை வணங்காத் தலை’ என்று 9ஆம் குறளில் இறைவனைப் பாடும் வள்ளுவர், 827ஆம் குறளில் என்ன சொல்கிறார் பாருங்கள்: ‘சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்.’ பகைவனின் பணிவான பேச்சை நம்பாதே, வில் வளைவதும் தீங்கு செய்யத்தான் என்கிறார். அங்கே சாமி எங்கே வந்தது? கடவுள் இல்லை என்று பேசிய திராவிட இயக்கத்தாரும் மேடையில் வணக்கம் சொல்லித்தான் தொடங்கினார்கள். வாசலில் நிற்கும் அத்தைக்குச் சொல்லும் வணக்கம் மரியாதை, அவ்வளவுதான்.

இதை மருமகளிடம் சொல்லுங்கள். இருந்தாலும் அவளுடைய தயக்கத்துக்கு நாமும் காரணம் என்று நினைக்கிறேன். டர்பனில் “நீ தமிழா, கிறிஸ்தவனா?” என்று சர்வசாதாரணமாகக் கேட்கிறோமே! மொழியின் பெயரையே மதத்தின் பெயராக்கிவிட்டோம். சபைக்குப் போன அன்றே அவள் தமிழை விட்டுவிட்டதாக முடிவு கட்டியது நாம். இப்போது ஒரு தமிழ்ச் சொல்லை அவள் ஒதுக்கினால் கோபப்படுவதும் நாமே. எனக்கு இதுதான் மனதை அறுக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளுடன் முதன்முதலாக இங்கே வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அதற்கு வெகு முன்னால், 1715க்குள் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. அவர்கள் யாரும் தமிழர் இல்லையா?

சரி, வீட்டில் என்ன செய்வது? கட்டாயப்படுத்த வேண்டாம். “வாங்க, நல்லா இருக்கீங்களா” என்று அவள் கேட்டாலே விருந்தாளிக்குப் போதும். மகனிடம் அந்த ‘வெறும் ஹலோ’ பேச்சை விடச் சொல்லுங்கள். அவனுக்கு வெறுமையாகத் தெரிவது அவளுக்கு அப்படித் தெரியவில்லை. அப்புறம், அடுத்த கல்யாண வீட்டில் யாராவது அவளைக் காட்டி “இவள் தமிழ் இல்லை, கிறிஸ்தவள்” என்றால், மாமியாராக நீங்களே குறுக்கிட்டுத் திருத்துங்கள்.