உண்ணிச்செடி பூக்கட்டும், பழுக்க வேண்டாம்

நர்சரியில் ‘லாண்டானா’ என்று கொடுத்த மஞ்சள் பூச்செடியும் காட்டில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் ஒன்றா? மாடியில் வளர்க்கலாமா? (கோவை வாசகி)

இரண்டும் ஒரே குலம். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகத்தான் இந்தியாவுக்குள் வந்தது. இப்போது விற்கப்படும் ரகங்களில் சில அதிகமாக விதை கட்டுவதில்லை. ஆனால் விற்பவர் சொல்லை நம்புவதைவிடச் செடியைப் பார்ப்பதே நல்லது. இதழ்கள் உதிர்ந்தபின் கொத்தின் காம்பில் கடுகளவில் பச்சை மணிகள் திரள்கின்றனவா என்று கவனியுங்கள். அவை மிளகளவாகிக் கருநீலமாகப் பழுத்துவிட்டால், கொண்டைக்குருவி (புல்புல்) தின்று எங்கே எச்சமிடும் என்பது நம் கையில் இல்லை. ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்த நான், பக்கத்து வீட்டு முருங்கையடியில் என் செடியின் கன்றுகளைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மாடியில் வளர்க்கத் தடையில்லை. நீர் தேங்காத தொட்டியும் நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும் போதும். மேல்மண் காய்ந்தபின் நீர் விடுங்கள். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும். பூக்கள் வாடியதும், மணி திரளுமுன் கொத்தோடு நறுக்கிவிட்டால் புதுத் துளிர் வந்து அதன் நுனியில் மறுபடி பூக்கும். பராமரிப்பும் கட்டுப்பாடும் இந்த ஒரே கத்தரிப்பில் முடிந்துவிடுகின்றன.

இலைகளின் மேற்புறம் வெளிறிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அடியில் கரும்பொட்டுகள் உள்ளன. பூவும் குறைந்துவிட்டது. (மதுரை)

பெரும்பாலும் சாறு உறிஞ்சும் வலைச்சிறகுப் பூச்சியாக இருக்கும். உண்ணிச்செடியை ஒழிப்பதற்காகவே இவ்வகைப் பூச்சி ஒன்றை 1941-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டுப் புதரை அதனால் அடக்க முடியவில்லை என்பது வேறு கதை. இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சியடியுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

எங்கள் காட்டு வரப்பில் வருடா வருடம் வெட்டியும் முன்பைவிட அடர்ந்து வருகிறதே? (சத்தியமங்கலம் விவசாயி)

தரைக்கு மேலே வெட்டுவதுதான் காரணம். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள், மேலே வெட்டினாலும் தீ வைத்தாலும் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு குழுவினர் வகுத்த முறையே இதற்கு ஏற்றது: தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி, மண்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது, காய் பழுக்குமுன் செய்தால் வேலை பாதியாகும். தரையைத் தொட்ட கிளைகளும் வேர்விட்டிருக்கும் என்பதால் அவற்றையும் தேடிப் பிடுங்குங்கள். மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதை அடுத்தடுத்த மழைகளில் முளைக்கும். வரப்பில் உடனே புல்லை நட்டுவிட்டு, பறவைகள் அமரும் மரங்களின் அடியை இரண்டு மூன்று வருடம் விடாமல் பாருங்கள்.

நறுக்கிய தழையை ஆட்டுக்குப் போடலாமா? (தருமபுரி)

கூடவே கூடாது. இதிலுள்ள லாண்டடீன் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். தின்ற ஆடுமாடுகள் தீனியை மறுக்கும், கண் மஞ்சளாகும், வெயில் பட்ட இடத்தில், முக்கியமாக மூஞ்சியில், தோல் வெடித்து உரியும். அப்படிக் கண்டால் நிழலில் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கைவைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

கூடலூரில் வீடு கட்டுகிறோம். வேலிக்கு இதை நடலாமா?

வேண்டாம். முதுமலைக்கு அவ்வளவு அருகில் தொட்டியில் வைப்பதைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலிக்குச் செம்பருத்தியை வையுங்கள். மனையில் ஏற்கெனவே உண்ணிச்செடி இருந்தால் வேரோடு எடுத்து, முற்றிய தண்டுகளைக் கொளுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்ற நிஜ அளவு யானைச் சிற்பங்கள், உங்கள் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் இந்தத் தண்டில் செய்தவைதான். நாற்காலி செய்யவும் அது வளைந்து கொடுக்கும்.